குறிப்புப் பாத்தாச்சு, விசாவைப் பாத்தீங்களா?

"பெடியன் லண்டன். நல்ல இடம். பிள்ளை குடுத்து வைச்சவள்."

வன்னியில் வளர்ந்த எங்களில் இந்த மூன்று வசனத்தையும் ஒரே மூச்சில் கேட்காத ஆள் இருக்க முடியாது. கலியாணவீட்டுப் பந்தியில், கோயில் வீதியில், பிரதேச செயலக வாங்கில், பஸ்ஸின் பின்சீற்றில் எல்லாம் கேட்டிருக்கிறோம். கேட்டுக் கேட்டு எங்களுக்கே அது ஒரு தகவல் மாதிரிப் பழகிவிட்டது. ஆனால் அதில் ஒரு தகவலும் இல்லை. லண்டனில் என்ன விசாவில் இருக்கிறார்? எத்தனை வருஷத்துக்கு? அந்த விசாவில் மனைவியைக் கூப்பிட ஏலுமா? கூப்பிட்டால் அவளுக்கு வருவது என்ன விசா, எத்தனை வருஷத்தில் அது அவளின்ர சொந்த விசா ஆகும்? இந்த நாலு கேள்வியில் ஒன்றுக்கும் பதில் தெரியாமல் மண்டபம் பிடிக்கிற துணிவு எங்கட சனத்துக்கு எங்கிருந்து வந்தது?

விசாரிக்கத் தெரியாத சனம் என்றால் மன்னிக்கலாம். குறிப்புப் பார்க்க மூன்று சாத்திரியாரிட்டப் போகினம். செவ்வாய் எந்த இடத்தில் இருக்குது என்று இரவிரவாகக் கதைக்கினம். சாதி விசாரிக்க நாலு ஊருக்கு ரெலிபோன் போகுது. மாப்பிள்ளையின்ர அம்மம்மா எந்தப் பகுதி என்பதுவரை கண்டுபிடிச்சுக் கொண்டு வருகினம். ஆனால் "தம்பி, உங்கட வதிவிட அட்டையை ஒருக்கா வட்ஸ்அப்பில அனுப்புங்கோ" என்று கேட்க மட்டும் ஒருத்தருக்கும் வாய் வராது. கேட்டால் மரியாதை இல்லையாம்.

வெளிநாட்டுக் கலியாணத்தில் ஒரு பெண் கையெழுத்து வைப்பது ஒரு ஆணோடு மட்டும் இல்லை, ஒரு நாட்டின் குடிவரவுச் சட்டத்தோடும்தான். அந்தச் சட்டம் அவள் அந்த நாட்டில் இருக்கலாமா கூடாதா என்பதைச் சில வருஷங்களுக்கு அவனுடைய கையில் கொடுக்கிறது. அதை ஒருக்கால் வாசித்தும் பார்க்காமல் பிள்ளையைப் பிளேனில் ஏத்துகிற குடும்பத்துக்குப் பாசமான குடும்பம் என்று பெயர் வைக்க எங்களால் ஏலாது.

இதைச் சொன்ன உடனே எங்களுக்குப் பக்கத்தில் வந்து நின்று கைதட்ட ஒரு கூட்டம் இருக்கிறது. "அதுதானே தம்பி, எங்கட பிள்ளையள் எல்லாம் வெளிக்கிட்டா மண் என்னாகும், இனம் என்னாகும்?" என்று கேட்கிறவர்கள். தயவுசெய்து தள்ளி நில்லுங்கோ. உங்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை. இப்படிச் சொல்கிறவர்களில் பாதிப்பேரின் பிள்ளைகள் ஸ்காபரோவிலும் ஹரோவிலும்தான் இருக்கினம். வேலை இல்லாத, நுண்கடன்காரன் கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கிற, அப்பா காணாமல்போன ஒரு வீட்டுப் பிள்ளையிடம் மண்ணைக் காக்கச் சொல்ல உங்களுக்கு ஒரு உரிமையும் இல்லை. போக விரும்புகிறவள் போகட்டும். கண்ணைக் கட்டிக்கொண்டு போகவேண்டாம் என்பதுதான் எங்கட கதை.

எங்கட இடத்தில் கலியாணம் கனகாலமாகவே ஒரு தப்புற வழி. யுத்தத்தின் கடைசி வருஷங்களில் ஆள்சேர்ப்புக்குப் பயந்து, கலியாணம் கட்டினால் விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கையில், பதினாறு பதினேழு வயதில் தாலி கட்டிக்கொண்ட அக்காமார் எங்கள் ஊர்களில் இருக்கினம். அவர்களில் பலருக்கு அந்தக் கலியாணம் ஒரு பதிவுத் துண்டுகூட இல்லாத கலியாணம். 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை பூட்டுப்பட்டது. பிறகு இடம்பெயர்வு, மாத்தளன், முள்ளிவாய்க்கால், செட்டிகுளத்தில் மெனிக்பாம். அங்கே கம்பிக்குள் இருந்த இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட சனத்தில் எத்தனை பேரிடம் பிறப்புச் சான்றிதழ் இருந்திருக்கும்? உயிரைக் கொண்டு வந்ததே பெரிய காரியம். முகாம் 2012இல் பூட்டினது. அதற்குப் பிறகும் தப்புற வழி என்ற எண்ணம் மாறவில்லை. அதன் பெயர் மட்டும் "வெளிநாட்டு மாப்பிள்ளை" என்று மாறியது.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. "சீதனம் ஒண்டும் வேண்டாம், பிள்ளையை மட்டும் தாங்கோ" என்று சொல்லிக்கொண்டு வருகிற சம்பந்தங்கள் வன்னிக்குத்தான் கூடுதலாக வருகின்றன. யாழ்ப்பாணத்தில் வீடும் காணியும் காசும் கேட்கிற அதே ஆட்கள் இங்கே வந்து பெருந்தன்மை காட்டுகினம். நாலு பிள்ளையைத் தனிய வளர்த்த ஒரு தாய்க்கு அது கடவுள் வந்து கதவைத் தட்டின மாதிரி. சீதனம் கேட்காத மனிதனிடம் என்னத்தைக் கேள்வி கேட்பது? வாய் அடைச்சுப் போகும். எங்களுக்குச் சந்தேகம் அங்கேதான். கேள்வி கேட்க ஏலாத வீடாகப் பார்த்துத்தான் சில பேர் வருகினம். எல்லாரும் அப்படி இல்லை. சிலர் என்று சொல்ல எங்களுக்குப் போதுமான அளவு பார்த்தாச்சு.

முதல் பொறி "கேஸ்". தரகர் சொல்லுவார்: "பெடியன்ர கேஸ் முடியிற கட்டம். காட் வரப்போகுது." அகதித் தஞ்சம் கேட்டு விசாரணை முடியாமல் இருக்கிற ஒருவரால் பிரித்தானியாவிலோ கனடாவிலோ மனைவியை ஸ்பொன்சர் பண்ண ஏலாது. "முடியிற கட்டம்" என்று ஒரு விசா வகை உலகத்தில் எங்கும் இல்லை. முடிந்தால் காட்; முடியாவிட்டால் அவரே அங்கே இருப்பாரா என்பது நிச்சயமில்லை. சரி, அகதி என்று ஏற்றுக்கொண்டாச்சு என்றாலும் கதை முடியாது. பிரித்தானியாவில் அகதிகளின் குடும்ப ஒன்றிணைவு என்று இருந்த சலுகை, அவர் நாட்டை விட்டு வெளிக்கிடும் முன்பே குடும்பமாக இருந்தவர்களுக்கானது. பிறகு கட்டினவளுக்குச் சாதாரண மனைவி விசா விதிகள்தான். அதோடு அகதி என்று ஏற்கப்பட்டவர், எந்த நாட்டுக்குப் போனால் உயிராபத்து என்று சொன்னாரோ அந்த நாட்டுக்கு வந்து தாலி கட்டினால் தன்ர அந்தஸ்தையே கேள்விக்குள்ளாக்குகிறார். அதனால்தான் இத்தனை கலியாணங்கள் திருச்சியிலும் சென்னையிலும் நடந்தன. பொம்பிளையும் தாயும் மாமாவும் பிளேன் ஏறிப் போவினம், மாப்பிள்ளை அங்காலிருந்து வருவார், ஒரு கிழமையில் தாலி, போட்டோ, கோயில், பிரிவு. பிறகு வருஷக்கணக்கில் காத்திருப்பு.

இரண்டாவது பொறி நாங்கள் "எழுத்து" என்று சொல்லுகிற பதிவுத் திருமணம். விசாவுக்குப் போடப் பதிவுச் சான்றிதழ் வேண்டும் என்பதால் முதலில் எழுத்தை முடித்துவிடுகிறார்கள். தாலி பிறகு, அங்கே போய், அல்லது இந்தியாவில். சனத்தின் கண்ணில் எழுத்து ஒரு நிச்சயதார்த்தம் மாதிரி. சட்டத்தின் கண்ணில் அதுதான் கலியாணம். இந்த இடைவெளிக்குள் விழுந்த பெண்களை எங்களுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரிந்த ஒரு அக்காவுக்கு எழுத்து முடிந்து ஏழு மாதத்தில் விசா மறுத்தார்கள். அதற்குப் பிறகு அவருடைய ரெலிபோன் குறைந்து, குறைந்து, ஒரு நாள் நம்பரே இல்லை. சேர்ந்து ஒரு நாள் வாழவில்லை. ஆனால் அவ கலியாணம் முடிச்ச பொம்பிளை. வேறு ஒருவரை எழுத ஏலாது.

விவாகரத்து எடுக்கலாம்தானே என்று கேட்பீர்கள். 1907ஆம் ஆண்டின் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தில் விவாகரத்துக்கு மூன்றே மூன்று காரணங்கள்: பிறமனை உறவு, வேண்டுமென்றே கைவிட்டுப் போதல், திருமண நேரத்திலேயே இருந்த தீராத ஆண்மையின்மை. இருவரும் ஒத்துப்போய்ப் பிரிகிறோம் என்ற காரணம் அதில் கிடையாது. அதனால் அந்த அக்கா மாவட்ட நீதிமன்றத்தில் ஏறி, எங்கே இருக்கிறார் என்றே தெரியாத ஒரு ஆள் தன்னைக் கைவிட்டுப் போனார் என்று நிரூபிக்கவேண்டும். அவருக்கு வெளிநாட்டில் அழைப்பாணை போகவேண்டும். தவணை, தவணை, சட்டத்தரணிக்குக் காசு, ஊருக்குப் பதில்.

இன்னொன்றும் இருக்கு, அதை எங்களில் பலரே அண்மையில்தான் அறிந்தோம். தேசவழமைச் சட்டத்துக்கு உட்பட்ட கலியாணமான பெண், தன்ர சொந்தப் பெயரில் இருக்கிற காணியைக்கூடப் புருஷனின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விற்கவோ ஈடு வைக்கவோ ஏலாது. 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் அப்படித்தான் சொல்லுது. புருஷன் கைவிட்டுப் போனால் நீதிமன்றத்தில் அந்தச் சம்மதத்துக்குப் பதிலான கட்டளை எடுக்கலாம். அதுவும் ஒரு வழக்குத்தான். ஆக, எழுத்து முடிந்து காணாமல்போன லண்டன்காரரின் கையெழுத்து இல்லாமல், தாய் சீதனமாக எழுதிக் கொடுத்த அரை ஏக்கர் காணியை வைத்து அவள் ஒரு கடன்கூட எடுக்க ஏலாது. ஒரு கையெழுத்து எவ்வளவு தூரம் போகுது பாருங்கோ. நொத்தாரிசுமாருக்கு இது எல்லாம் தெரியும். எழுத்து நாளில் ஒருத்தரும் வந்து சொல்றேல்லை.

இப்ப விசா. பிரித்தானியாவை எடுப்போம், எங்கட சனம் கூடுதலாகக் கனவு காணுகிற இடம். 2012 ஜூலைக்கு முன் மனைவியாகப் போனவள் இரண்டு வருஷத்தில் நிரந்தர வதிவிடம் கேட்கலாம். அந்த மாதம் அதை ஐந்து வருஷமாக்கினார்கள். ஸ்பொன்சர் பண்ணுகிறவருக்கு வருஷத்துக்கு 18,600 பவுண் வருமானம் வேண்டும் என்றும் சொன்னார்கள். 2024 ஏப்ரல் 11இல் அது 29,000 பவுண் ஆனது. இந்தக் கணக்கில் நீங்கள் கிளிநொச்சியில் ஆசிரியராகவோ தாதியாகவோ எடுக்கிற சம்பளம் ஒரு சதமும் சேராது. அவருடைய சம்பளம், அவருடைய சம்பளத் துண்டு, அவருடைய வங்கிக் கணக்கு. சம்பளம் இல்லாமல் சேமிப்பைக் காட்டுவதென்றால் 88,500 பவுண். பெற்றோல் ஷெட்டிலும் கடையிலும் பாதிச் சம்பளம் கையில் வாங்கி, அதில் பாதியை ஊருக்கு அனுப்பி வாழுகிற ஒரு அண்ணாவால் 29,000 பவுணைக் கடதாசியில் காட்ட ஏலுமா? அவர் கெட்டவராக இருக்கவேண்டும் என்று இல்லை. மிக நல்லவராக இருந்தும் உங்களைக் கூப்பிட ஏலாமல் போகலாம். தரகர் சொன்ன "நல்ல இடத்துக்கு" இந்தத் தொகை தெரியாது.

இந்தச் சட்டத்தை எதிர்த்து வழக்குப் போடாமலும் இல்லை. 2017இல் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் இந்த வருமான எல்லையால் பல குடும்பங்களுக்குக் கஷ்டம் வருகிறது என்று ஒத்துக்கொண்டது. எல்லை சட்டத்துக்கு முரணில்லை என்றும் சொன்னது. பணக்காரன் காதலிக்கலாம், ஏழை காதலித்தால் ஸ்கைப்பில் காதலிக்கட்டும் என்பதுதான் அதன் சாரம் என்று நாங்கள் வாசிக்கிறோம். சட்டத்தரணிகள் வேறு மாதிரி வாசிக்கட்டும்.

வருமானம் சரியென்றால், ஆங்கிலச் சோதனை: போகும்போது ஏ1, விசா நீட்டும்போது ஏ2, நிரந்தர வதிவிடத்துக்கு பி1. காசநோய்ப் பரிசோதனைக்குக் கொழும்பு. விசாக் கட்டணத்துக்கு மேல் சுகாதார வரி என்று வருஷத்துக்கு 1,035 பவுண். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து, பாஸ்போட்டில் மூன்றாவது. 2009இல் எல்லாம் விட்டுவிட்டு ஓடினவர்களுக்குப் பிந்திய பதிவு. வவுனியா கடவுச்சீட்டு அலுவலகத்துக்கு முன்னால் இரவிரவாக வரிசையில் நின்ற கதை எங்கள் எல்லாரிட்டயும் இருக்கு, அதை விரிக்கவில்லை.

இவ்வளவும் தாண்டிக் கையில் வருவது இரண்டு வருஷம் ஒன்பது மாத விசா. அது முடிய இன்னொரு இரண்டரை வருஷம். ஐந்து வருஷமும் அவள் "இன்னாரின் மனைவி" என்ற ஒரே காரணத்துக்காகத்தான் அந்த நாட்டில் நிற்கிறாள். அரச உதவிப் பணம் கிடையாது. நீட்டிப்புக்கும் அவருடைய ஒத்துழைப்பு வேண்டும். இந்த ஐந்து வருஷத்தில் சண்டை வராத வீடு எது? சண்டை வரும்போது ஒருவரின் கையில் மட்டும் மற்றவரின் விசா இருந்தால் அது புருஷன் பெண்சாதிச் சண்டையாக இருக்காது. ஜேர்மனியில் மனைவிக்குத் தனித்த வதிவிட உரிமை வரச் சாதாரணமாக மூன்று வருஷம் சேர்ந்து வாழ்ந்திருக்கவேண்டும்; முன்பு இரண்டாக இருந்ததை 2011இல் கூட்டினார்கள். சுவிசிலும் மூன்று வருஷம். எல்லா நாடும் ஒரே பாசையில்தான் கதைக்குது: பொறுத்துக்கொள், இன்னும் இத்தனை மாதம்தான். ஊரில் இருந்து அம்மா சொல்லுவதும் அதேதான்.

கனடா இதைப் பச்சையாகவே சட்டமாக்கிப் பார்த்த நாடு. 2012 ஒக்டோபரில் ஒரு விதி வந்தது: உறவு தொடங்கி இரண்டு வருஷத்துக்கு உட்பட்ட, பிள்ளை இல்லாத தம்பதி என்றால், ஸ்பொன்சரில் வந்தவர் இரண்டு வருஷம் ஸ்பொன்சரோடு சேர்ந்து வாழவேண்டும், இல்லாவிட்டால் நிரந்தர வதிவிடம் பறிபோகலாம். காரணம், "கலியாண மோசடி". அடிவாங்குகிறவர்களுக்கு விலக்கு இருந்தது, ஆனால் அதை நிரூபிக்கவேண்டியவள் அடிவாங்கினவள். பெண்கள் அமைப்புகளின் எதிர்ப்புக்குப் பிறகு 2017 ஏப்ரலில் அந்த விதியை எடுத்துவிட்டார்கள்.

எடுத்து இவ்வளவு வருஷமாகியும் அந்த மிரட்டல் மட்டும் சாகவில்லை. "நான் ஒரு போன் அடிச்சா உன்னைப் பிளேன் ஏத்திப்போடுவாங்கள்." இதை நம்பி வாயை மூடிக்கொண்டிருக்கிற தங்கச்சிமாருக்குச் சொல்கிறோம்: கனடாவுக்கு நிரந்தர வதிவாளராக ஸ்பொன்சரில் வந்து இறங்கியிருந்தால், புருஷன் போன் அடித்து அதை ரத்துச் செய்ய ஏலாது. பிரிந்துபோனாலும் ஸ்பொன்சர் பண்ணினவர் மூன்று வருஷத்துக்கு உங்கள் செலவுக்குப் பொறுப்பு என்று அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தப் பொறுப்பு பிரிவோடு முடியாது. பொய்க் கலியாணம் என்று அவர் முறைப்பாடு கொடுக்கலாம், அப்போது விசாரணை வரலாம். ஆனால் அவர் நினைத்தவுடன் அனுப்புகிற அதிகாரம் அவரிடம் இல்லை.

பிரித்தானியாவிலும் ஒரு வாசல் இருக்கிறது. பிரித்தானியக் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ உள்ளவரின் மனைவி விசாவில் வந்தவள், வீட்டு வன்முறையால் உறவு முறிந்தால், ஐந்து வருஷம் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை; நேரடியாக நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கலாம். கையில் காசில்லாதவள் முதலில் மூன்று மாத அனுமதி எடுத்து, அந்த மூன்று மாதமும் அரச உதவி பெறலாம். இது யாரோ இரங்கிக் கொடுத்தது இல்லை. சவுத்தோல் பிளாக் சிஸ்டர்ஸ் போன்ற பெண்கள் அமைப்புகள் பல வருஷம் தெருவில் நின்று எடுத்தது. அடி மட்டும்தான் வன்முறை என்று இல்லை. பாஸ்போட்டை ஒளித்து வைப்பது, சம்பளத்தைப் பறிப்பது, வெளியில் விடாமல் பூட்டி வைப்பது எல்லாம் அதற்குள் வரும். மாணவர் விசா, வேலை விசா உள்ளவரின் துணையாகப் போனவளுக்கு இந்த வாசல் பாதிதான் திறக்கும்: மூன்று மாத அனுமதி உண்டு, அதிலிருந்து நிரந்தர வதிவிடம் இல்லை. ஆகையால் "லண்டன்" என்ற ஒரு சொல்லுக்குள் எந்த விசா இருக்கிறது என்பது வெறும் விண்ணாணம் இல்லை. பராமரிப்பு வேலை விசாவில் போகிறவர்கள் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போவதை 2024 மார்ச் 11இல் நிறுத்தினார்கள். அதற்குப் பிறகும் அந்த விசாவை வைத்து "பொம்பிளையை உடனே கூப்பிடுவார்" என்று ஊரில் பேசிமுடித்த சம்பந்தம் எங்களுக்குத் தெரியும்.

பிறகு, "உண்மையான உறவா?" என்ற விசாரணை. மானுடவியலாளர் சித்தார்த்தன் மௌனகுரு ஈழத்தமிழரின் எல்லை கடந்த கலியாணங்களைப் பற்றி 2019இல் ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் வெளியிட்டார். கலியாண அல்பம் எப்படி விசா அதிகாரிக்குக் காட்டுகிற சாட்சியாக மாறுகிறது என்பது அதில் ஒரு முக்கியமான பகுதி. வாசித்தபோது எங்களுக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தது, ஏனென்றால் அந்த அல்பங்கள் எங்கள் வீட்டு அலுமாரிகளில் இருக்கு. முந்தின நாள்தான் முதல்முறை நேரில் பார்த்த இரண்டு பேர் கட்டிப்பிடித்துக்கொண்டு பூங்காவில் நிற்கினம். போட்டோக்காரர் சொல்லுவார், "கிட்ட வாங்கோ, எம்பசிக்குக் காணாது." சடங்கில் சனம் குறைந்தால் சந்தேகம், கடிதம் இல்லாவிட்டால் சந்தேகம், வட்ஸ்அப் பதிவு குறைந்தால் சந்தேகம். கனடாவில் 2010இலிருந்து உறவு உண்மையில்லை என்றாலும் மறுக்கலாம், குடிவரவுக்காக நடந்தது என்றாலும் மறுக்கலாம். இரண்டில் ஒன்று போதும். பேசிச் செய்கிற கலியாணத்தில் காதலை எந்தத் தேதியில் இருந்து காட்டுவது? வெள்ளைக்காரனின் காதல் இலக்கணத்தில் எங்கட பெண்கள் சோதனை எழுதவேண்டியிருக்கிறது, அதுவும் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை நடுவில் வைத்து.

இந்த நாடும் சும்மா இருக்கவில்லை. 2021 ஒக்டோபரில் பதிவாளர் நாயகத்தின் சுற்றறிக்கை ஒன்று வந்தது: 2022 ஜனவரி 1இலிருந்து வெளிநாட்டுப் பிரஜை ஒருவர் இலங்கையரை மணம் முடிப்பதென்றால் பாதுகாப்பு அனுமதி அறிக்கை வேண்டும் என்று அப்போது சொன்னார்கள். தேசியப் பாதுகாப்பாம். புதுக்குடியிருப்பில் பிறந்து, செல்லடிக்குள் ஓடி, கனேடியக் குடியுரிமை எடுத்த ஒருவர் தன்ர மச்சாளை எழுத வந்தால் அவர் "வெளிநாட்டவர்". அவர் ஏன் வெளிநாட்டவர் ஆனார் என்று பாதுகாப்பு அமைச்சுக்குத் தெரியாதா என்ன.

புலம்பெயர்ந்த அண்ணாமார் சிலர் இந்த இடத்தில் கோபிப்பார்கள். "கூப்பிட்டு எடுத்தவள் எயார்போட்டில இறங்கினவுடன போயிட்டாள், எங்கட கதையையும் எழுதுங்கோ" என்று. எழுதுகிறோம். அப்படியும் நடந்திருக்கிறது. ஏமாந்தவரின் வலி உண்மையானது. வன்னியிலிருந்து குடியுரிமை உள்ள பெண்ணைக் கட்டிப் போன பெடியன்களும் இருக்கினம். விசா அவளின் கையில், வேலை மாமனாரின் கடையில், சம்பளம் என்ற பேச்சே இல்லை. அந்த அவமானத்தை அவன்கள் ஒருத்தருக்கும் சொல்றேல்லை. ஆகவே இது ஆண் பெண் குணம் பற்றின கதை இல்லை, யாரின் கையில் கடதாசி இருக்கு என்ற கதை. ஆனால் எயார்போட்டில் ஓடினவளின் கதை மேசைக்கு மேசை சொல்லப்படுகிறது. அதை வைத்துக் கனடா சட்டமே போட்டது. குளிரில் சப்பாத்து இல்லாமல் அயல்வீட்டுக் கதவைத் தட்டினவளின் கதையை "குடும்பப் பிரச்சினை" என்று கோயில் தலைவர் வந்து சமாதானம் பேசி முடித்துவிடுகிறார். வருஷா வருஷம் விளையாட்டுப் போட்டியும் ஒன்றுகூடலும் வைக்கிற ஊர்ச் சங்கங்கள், பள்ளிக்கூடப் பழைய மாணவர் சங்கங்கள், ஊருக்குக் கிணறும் மதிலும் கட்டித் தருகிறீர்கள், நன்றி. உங்கள் நகரத்தில் புதிதாக வந்து இறங்குகிற எங்கட ஊர்ப் பிள்ளைக்கு ஒரு நம்பர் கொடுங்கோ, அவளின்ர புருஷனுக்குத் தெரியாமல் அவள் அழைக்கக்கூடிய ஒரு நம்பர். மதிலை விட அது மலிவு.

போன மாதம் விசுவமடுப் பக்கம் ஒரு தங்கச்சி எங்களோடு கதைத்தாள். எழுத்துக்கு நாள் வைத்தாச்சு. மாப்பிள்ளையோடு என்ன கதைப்பது என்று கேட்டாள். நாங்கள் சொன்னது இதுதான்: வதிவிட அட்டையின் இரண்டு பக்கமும், அதில் என்ன வகை, எப்ப முடியும் என்று கேள். முன்பு கலியாணம் எழுதினவரா, எழுதியிருந்தால் விவாகரத்துக் கட்டளை எங்கே. முன்பு யாரையும் ஸ்பொன்சர் பண்ணினவரா என்று கேள். கனடா என்றால், அவரே மனைவி ஸ்பொன்சரில் வந்தவராக இருந்தால் ஐந்து வருஷம் முடியாமல் உன்னைக் கூப்பிட ஏலாது. லண்டன் என்றால் கடைசி ஆறு மாதச் சம்பளத் துண்டு. உன்ர பாஸ்போட்டும் சான்றிதழ்களும் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து உன்ர மின்னஞ்சலில் போட்டு வை, கடவுச்சொல்லை அக்காவுக்கு மட்டும் சொல்லு. விசா வரும்வரைக்கும் வேலையை விடாதே, படிப்பை நிப்பாட்டாதே.

அவளின்ர அப்பா பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "இதெல்லாம் கேட்டா அவையள் என்ன நினைப்பினம்?" என்றார். கெட்ட மனிதர் இல்லை. மகளுக்காக வயலை ஈடு வைத்திருக்கிறார். தரகருக்கு முற்பணமும் கொடுத்தாச்சு.

அவள் அன்றிரவே வட்ஸ்அப்பில் கேட்டிருக்கிறாள். மாப்பிள்ளை சம்பளத் துண்டை அடுத்த நாளே அனுப்பினார். அட்டையின் முன்பக்கமும் வந்தது. பின்பக்கத்தை இரண்டு தரம் கேட்டுவிட்டாள், இன்னும் வரவில்லை. எழுத்தைத் தள்ளி வைக்கச் சொல்லி அவள் வீட்டில் இப்போது சண்டை நடக்கிறது. தாய் அவளின் பக்கம்.